பேக்கர் நீர்வீழ்ச்சி: ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு காலை நடை

மலையேறிப் பழக்கமில்லை, ஆனாலும் காட்டுக்குள் நடந்து ஓர் அருவியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இலங்கையில் நான் முதலில் சொல்லும் இடம் ஹோர்ட்டன் சமவெளி. பாதை ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவில் வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும். கயிறு வேண்டாம், கூடாரம் வேண்டாம், வழிகாட்டி ஆள்கூடக் கட்டாயமில்லை. நிதானமாக நடப்பவருக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். பத்து வயதுப் பிள்ளை நடந்துவிடும். அறுபதைத் தாண்டியவரும், முழங்கால் ஒத்துழைத்தால், நடந்துவிடுவார்.

இந்த வட்டத்தில் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று உலக முடிவு என்கிற பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பு. மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சி. வருகிறவர்களில் பெரும்பாலானோர் உலக முடிவுக்காக வருகிறார்கள். அங்கே பனிமூட்டம் மறைத்துவிட்டால் முகம் வாடி, அருவியில் பத்து நிமிடம் நின்று படமெடுத்துவிட்டு வாகனத்தை நோக்கி விரைகிறார்கள். இந்த அத்தியாயம் அருவியை நடுவில் வைத்து எழுதப்பட்டது. நாள் முழுவதும் நீங்கள் நடப்பது ஒரு நீரின் பிறப்பிடத்தில். அதைப் பார்க்கத் தெரிந்தால் மூட்டமான நாளும் வீணாகாது.

எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, காலை வானம் தெளிவாக இருக்கும், பாதையில் சேறும் அதிகம் இராது. ஆனால் இரவில் நல்ல குளிர். புல்வெளியில் உறைபனி படியும் காலமும் இதுதான். விடியற்காலையில் போனால் புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். சமவெளியின் சராசரி வெப்பநிலையே 13 பாகை செல்சியஸ் அளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்கள் இந்த எண்ணைப் படித்துவிட்டு, “பரவாயில்லை” என்று ஒரு மெல்லிய சட்டையோடு வந்து இறங்குவதை அடிக்கடி காணலாம். காற்று வீசும்போது அந்தப் 13 பாகை வேறு விதமாக உறைக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் காற்றும் மழையும் கூடுதல். அருவி அப்போது நிறைந்து விழும். எதிரே நிற்பவர்மேல் சாரல் படும். பள்ளத்தாக்குத் தெரிய வேண்டுமா, அருவி பெருக வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், முதல் முறை போகிறவர் வறண்ட மாதங்களிலேயே போகட்டும். அருவி ஆண்டு முழுவதும் ஓடுகிறது. மார்ச்சில் மெலிந்தாலும் வற்றுவதில்லை. சேறும் வழுக்கலும் இல்லாத பாதையில் பயமின்றி நடந்து பழகியவர், இரண்டாம் முறை மழைக்காலத்தில் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஏதாவது இருக்கும்.

ஏப்ரலில் நுவரெலியாவே வசந்தகாலக் கொண்டாட்டக் கூட்டத்தில் திணறும். அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு இங்கேயும் வரும். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் அதை ஒட்டிய வார இறுதிகளும் அப்படியே. கிழமை நாளில், முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள்.

போய்ச் சேர்வது

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். வளைவுப் பாதை என்பதால் ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒஹிய வழியாக ஏறலாம். புகையிரதத்தில் வந்து ஒஹிய நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பதினொரு கிலோமீற்றர் ஏறி வருகிற நடைப்பிரியர்களும் உண்டு. அது தனியாக ஒரு நாள் நடை. ஒரே நாளில் அதையும் சமவெளி வட்டத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். நிலையத்திலிருந்து ஓட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

அதிகாலையில் பூங்கா வாசலுக்கு நேராக வருகிற பொதுப் பேருந்தை நம்ப முடியாது. எனவே முதல் நாளே வேனோ ஓட்டோவோ பேசி வைத்துவிடுவது நல்லது. நாலரை, ஐந்து மணிக்குப் புறப்படச் சம்மதமா, நீங்கள் திரும்பும்வரை காத்திருப்பாரா, காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் கட்டணமா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டு முடித்துவிடுங்கள்.

பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. நுழைவுச்சீட்டை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் வாங்க வேண்டும். உள்நாட்டவர் தேசிய அடையாள அட்டையை மறக்கக் கூடாது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். இந்தியாவிலிருந்து வரும் உறவினரைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கான கட்டணத்தோடு வாகனத்துக்கும் வேறு சேவைகளுக்கும் சேரும் தொகையும் இருக்கிறது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

காதை மூடும் தொப்பி, கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய கம்பளிச் சட்டை, மழைச்சட்டை. ஆறு மணிக்கு மூன்றும் உடம்பில் இருக்கும். ஒன்பதரைக்கு வெயில் ஏறியதும் மூன்றும் பைக்குள் போகும். சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் குளிர் தெரியுமே தவிர வெயில் சுடுவது தெரியாது. மாலையில்தான் மூக்கும் பின்கழுத்தும் எரியும். நிழல் தரும் தொப்பியும் ஒன்று வேண்டும்.

காலுக்கு அடிப்பாகம் பிடிப்பான சப்பாத்து. செருப்பில் நடப்பவர்களையும் பார்க்கலாம்தான். அருவிக்கு இறங்கும் ஈரப் படிகளில் அவர்கள் படும் பாட்டையும் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வாசலில் உங்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பையை எடுத்துவிடுவார்கள். பிஸ்கற் உறையைப் பிரித்துக் கடதாசியில் கொட்டித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றைக்கூட உரித்துவிடுவார்கள். சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க ஒன்றுமில்லை. நடை தொடங்கும் ஃபார் இன் விடுதியின் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் (தமிழ்நாட்டில் மிளா, கடமான் என்பார்கள்) பைகளை மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் காரணம் தானாகப் புரியும். சோற்று வாசனை பட்ட பொலித்தீனை அவை விழுங்கிவிடுகின்றன. அது வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடுகிறது. எனவே லஞ்ச் சீட்டில் கட்டிய சோற்றுப் பொதியை விட்டுவிட்டு, வாட்டிய வாழையிலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலுமோ, எவர்சில்வர் டப்பாவில் இட்லியோ கொண்டுவாருங்கள். தண்ணீருக்கு வீட்டுப் போத்தல், ஆளுக்கு ஒரு லீற்றராவது. பாதையில் கடை எதுவும் கிடையாது. கழிப்பறையும் புறப்படும் இடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டிய காரியம்.

மரைகளுக்கு ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், அவையும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். கொம்புள்ள ஆண் மரை வீட்டு மாடளவு எடையுள்ள காட்டு விலங்கு. மனிதக் கைக்குப் பழகிய அதன் இயல்பு எந்த நொடியில் மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வழி

நடை தொடங்கும் இடம் ஃபார் இன். தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரில் நின்ற பழைய வேட்டை விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். சமவெளிக்கும் ஓர் ஆங்கிலேயரின் பெயர்தான். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட்-ஹோர்ட்டனின் பெயரை 1834இல் இங்கு வந்த இரண்டு படை அதிகாரிகள் சூட்டினார்கள். சிங்களத்தில் இதற்கு மகா எலிய என்று பெயர்.

முதல் ஒரு கிலோமீற்றர் திறந்த புல்வெளி. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துச் சோலைக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலம் அந்நியமாகத் தோன்றாது. மேட்டில் புல், மடிப்புகளில் குட்டையான அடர்ந்த காடு. நீலகிரியில் செந்நிறமாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரத்தின் நெருங்கிய உறவு மரம் இங்கேயும் அதே சிவப்பில் பூக்கிறது. சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்கள். குறிஞ்சிக்கும் இங்கே உறவுகள் உண்டு. நெலு என்று சொல்லப்படும் அந்தச் செடிகளில் சில இனங்கள் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை காட்டின் அடித்தளமெல்லாம் சேர்ந்து பூத்து, விதைத்து, மடிகின்றன.

ஓடையைக் கடந்து சற்று நடந்ததும் பாதை பிரிகிறது. பெயர்ப்பலகை இருக்கும். ஒரு கை உலக முடிவுக்கு, மறு கை பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. இரண்டும் ஒரே வட்டத்தின் இரு பாதிகள் என்பதால் எப்பக்கம் போனாலும் திரும்பி வந்துவிடலாம். ஆனாலும் உலக முடிவுக்கே முதலில் போங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் எழுந்து விளிம்பை மூடிவிடும். அருவிக்கு அந்த அவசரமில்லை. மூட்டத்திலும் அது தெரியும்.

புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறையும். மரங்கள் உயரமில்லை, கிளைகள் முறுகிக் கிடக்கும், பட்டை தெரியாதபடி பாசியும் பன்னமும் போர்த்தியிருக்கும். இது முகில் காடு. மழை பெய்யாத நாளிலும் மூட்டத்திலுள்ள ஈரம் இலையிலும் பாசியிலும் படிந்து, துளியாகி, மண்ணுக்குள் இறங்குகிறது. வறண்ட மாதத்திலும் ஓடை ஓடுவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அருவியைப் பார்ப்பதை இங்கேயே தொடங்கலாம். ஒரு மரத்தின் பாசியை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பறிக்க வேண்டாம். தொட்ட விரல் நனைந்திருக்கும்.

இந்தப் பகுதியில் பாதை வேரும் கல்லும் நீர் அரித்த பள்ளமுமாக இருக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். பேசிக்கொண்டு நடக்கலாம். கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாது. சத்தம் குறைவாக இருந்தால் காட்டுக்கோழியின் குரல் கேட்கும். மூக்கில் கொம்பு முளைத்த சிறு ஓணான் ஒன்று இந்த மலைகளுக்கே உரியது. கிளையோடு கிளையாக அசையாமல் ஒட்டியிருக்கும். சிறுத்தையும் இங்கே உண்டு. பகலில் இத்தனை பேர் நடக்கும் பாதையில் அதைக் காண்பது மிக அரிது.

சின்ன உலக முடிவு வழியில் வரும். அதற்கு ஒரு கிலோமீற்றர் அப்பால், ஃபார் இன்னிலிருந்து நாலு கிலோமீற்றரில், உலக முடிவு. நிலம் அங்கே 870 மீற்றர் அளவுக்குச் செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது. கீழே தேயிலை மலைகளும் லயன் கூரைகளும் சிறு சதுரங்களாகத் தெரியும். நொன்பரெயில் தோட்டம் அந்தச் சரிவின் அடியில் இருக்கிறது. மலையக வாசகர்களில் சிலருக்கு அது உறவினர் ஊராகவும் இருக்கலாம். மேலே காடும் கீழே தேயிலையும் இப்படிப் பிரிந்து நிற்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக் கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார். 1873இல் அது அரசாணையாயிற்று. பின்னர் 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நில்லுங்கள். 2015இல் ஒரு நெதர்லாந்துப் பயணி தன் மனைவியைப் படமெடுக்கப் பின்னோக்கி நகர்ந்து விழுந்தார். 40 மீற்றர் அளவு கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் பிழைத்தார். படையினர் இறங்கித்தான் மீட்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படமெடுப்பவர் அசையாமல் நிற்க, மற்றவர்கள் நகரட்டும்.

அருவியடியில்

உலக முடிவிலிருந்து இரண்டு கிலோமீற்றர் அளவில் பேக்கர் நீர்வீழ்ச்சி. பார்க்கும் முன்பே கேட்கும். பெரும்பாதையிலிருந்து பிரிந்து செங்குத்தான இறக்கம் ஒன்று கீழே போகிறது. நாள் முழுவதிலும் சற்றுக் கடினமான பகுதி இதுதான். தூரம் கொஞ்சம்தான், ஆனால் படிகள் ஈரமானவை, உயரமும் சீராக இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கலாம். ஏறி வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுங்கள், மூச்சு வாங்குவது அவருக்குத்தான்.

அருவியின் உயரம் 20 மீற்றர் அளவு. பம்பரகந்தையையோ தியலுமையையோ பார்த்தவர்கள் இதை உயரத்தால் அளந்தால் ஏமாற்றமடைவார்கள். இதன் அழகு அகலத்திலும் அமைப்பிலும் இருக்கிறது. கரும்பாறையின் படிவங்களில் நீர் பல இழைகளாகப் பிரிந்து, விசிறியாக விரிந்து இறங்குகிறது. இரு கரையிலும் பன்னமும் ரோடோடென்ட்ரன் புதரும் நெருங்கி நிற்கின்றன. பூக்கும் காலத்தில் வெள்ளை நீருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பைப் பார்க்கும் பேறு கிடைத்தால் பத்து நிமிடத்தில் கிளம்ப மனம் வராது.

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் படமெடுப்பார்கள், இரைச்சலாக இருக்கும். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் இறங்குமுன் சிறிது இடைவெளி கிடைக்கும். அதற்காகக் காத்திருங்கள். அருவி கிழக்கா மேற்கா என்ற கவலை படத்துக்குத் தேவையில்லை. மூட்டமிட்ட ஒளியில்தான் வெள்ளை நீரும் கரும்பாறையும் ஒரே படத்தில் ஒழுங்காக வரும். நண்பகல் வெயிலில் நீர் வெறும் வெண்மையாக வெளுத்துவிடும். பள்ளத்தாக்கை மறைத்த மூட்டம் இங்கே உங்களுக்கு உதவி செய்கிறது.

குளிக்க அனுமதியில்லை. வேலியைத் தாண்டிப் பாறைக்குப் போகவும் கூடாது. குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்று பழகிய நமக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இந்தப் பாறையில் படிந்திருக்கும் பாசி வழுக்கும், நீர் உடம்பை விறைக்க வைக்கும் குளிர், விழுந்தால் தூக்கிச் செல்லப் பல கிலோமீற்றர் காட்டுப்பாதை. வேறொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. இது பெலிஹுல் ஓயாவின் நீர். இங்கிருந்து இறங்கி வளவை கங்கையோடு சேர்கிறது. சேரும் இடத்தில் 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ அணைக்கட்டு இருக்கிறது, அங்கே மின்சாரமாகிறது. இன்னும் கீழே உடவளவை நீர்த்தேக்கத்தில் நின்று தெற்கின் வயல்களுக்குப் பாய்ந்து, அம்பலாந்தோட்டையருகே கடலில் சேர்கிறது. மகாவலி, களனி கங்கைகளுக்கும் இந்தச் சமவெளியின் பக்கங்களிலிருந்து நீர் போகிறது. பல இலட்சம் பேர் வாழும் நிலத்துக்குப் பாயும் நீரைத் தொட்டிலிலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதில் சவர்க்காரம், ஷாம்பூ பக்கெற், எச்சில் இலை எதுவும் சேர வேண்டாம். குடித்த கோப்பையை ஓடையில் கழுவுவதுகூட வேண்டாம்.

பேக்கர் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் தோற்றத்தைத் தேடிப்போய் 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர்தான் அவர். அதற்கு முன் சில ஆண்டுகள் நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தார். நாய்களைக் கொண்டு இந்தச் சமவெளியில் மரை வேட்டையாடினார், யானைகளையும் சுட்டார். அக்காலத்தில் இங்கே யானைகள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதையெல்லாம் விளங்கிக்கொள்வார்கள்.

திரும்பும் வழி

அருவியிலிருந்து மேலேறிவிட்டால் மீதி மூன்றரைக் கிலோமீற்றர் அளவு, பெரும்பாலும் சமதளம். ஓடை ஒரு பக்கமாகத் தெரிந்தும் மறைந்தும் கூட வரும். கரையோரம் குள்ள மூங்கில் புதர்களைக் காணலாம். ஓடையில் ஓடும் மீன் வானவில் டிரவுட். வெள்ளையர் தூண்டில் விளையாட்டுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. வெயில் நேரடியாக விழுவது இந்தப் பகுதியில்தான். தண்ணீரைக் கடைசி மடக்கு வரை முன்னாலேயே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

முழு வட்டமும் முடியாது என்கிற பெரியவர்கள் உடன் வந்தால், இந்தப் பக்கத்தால் மட்டும் அருவிக்குப் போய் அதே வழியில் திரும்பலாம். ஏழு கிலோமீற்றரை ஒட்டி வரும், காட்டுப் பகுதியின் வேர்ப்பாதை தவிர்ந்துவிடும். அருவிக்கு இறங்கும் படி மட்டும் தப்பாது. அதுவும் இயலாதவர் மேலே இருந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கலாம், துணைக்கு ஒருவர் நிற்கட்டும்.

ஆறரைக்கு நடக்கத் தொடங்கியவர்கள் பதினொரு மணிக்குள் ஃபார் இன்னில் இருப்பார்கள். கொண்டுவந்த இலை, கடதாசி, டப்பா எல்லாம் பையில் திரும்பி வந்ததா என்று வாகனத்தில் ஏறுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நேரம் மிஞ்சினால் ஒஹியப் பக்கமாக இறங்குங்கள். நிலையம் சிறியது, வண்டிகள் குறைவு, நேரசூசியும் மாறும். அதனால் அன்றைய வண்டி நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி ஓட்டோக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பகல் வண்டி கிடைத்தால் இதல்கஸ்ஹின்ன வழியாக அப்புத்தளைக்குப் போகும்போது, காலையில் விளிம்பிலிருந்து பார்த்த அந்தத் தென்சரிவை இரயில் யன்னலிலிருந்து இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். வலப்பக்க இருக்கை பிடியுங்கள்.